தேவேந்திராவும் நீரஜும்: ஒரே ஈட்டி, இரு நாட்காட்டிகள்

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதே மாதம் 30ஆம் தேதி, அதே அரங்கில், பாராலிம்பிக் போட்டியில் தேவேந்திர ஜஜாரியா 64.35 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். முதலாமவருக்கு வயது 23, இரண்டாமவருக்கு 40. நீரஜின் பெயரை மதுரையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். தேவேந்திராவின் பெயரைச் சொன்னால் உடற்கல்வி ஆசிரியர்களில்கூடச் சிலர் யோசிப்பார்கள். ஒலிம்பிக்கையும் பாராலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தால், ஈட்டி எறிதலில் இந்தியாவின் முதல் தங்கம் நீரஜுடையது அல்ல. அது 2004இல் ஏதென்ஸில் தேவேந்திரா வென்றது.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. இருவர் கையிலும் இருந்தது 800 கிராம் ஈட்டிதான். இருவரும் ஓடியது ஒரே மாதிரி ஓடுபாதையில். வேறுபட்டது அவர்களைச் சுற்றி நின்ற ஏற்பாடு: எந்த ஆண்டில் எந்தப் போட்டி, யார் பயிற்சியாளர், காயம் பட்டால் யார் பார்ப்பது, வென்றால் எப்போது அழைத்து மாலை போடுவது. ஒரு பெரிய எறிதல் ஒரு மனிதனின் திறமையால் வரலாம். பத்தாண்டு நீளும் ஒரு விளையாட்டு வாழ்க்கைக்கு இந்த ஏற்பாடு வேண்டும். அதை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது.

புழுதியில் தொடக்கம்

தேவேந்திரா 1981 ஜூன் 10 அன்று ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தில் பிறந்தார். தார் பாலைவனத்தை ஒட்டிய வறண்ட பூமி. எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பியில் கை பட்டு, இடக்கையை அகற்ற வேண்டியதாயிற்று. ஒரு கை இல்லாத பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்ற ஊர்ப்பேச்சுக்குப் பதிலாகவே அவர் மைதானத்துக்குப் போனார். ஈட்டி வாங்க வழி கிடையாது. மூங்கிலைச் செதுக்கி ஈட்டியாக்கி எறிந்து பழகினார். முதலில் எதிர்த்து ஆடியது இரு கையும் உள்ள மாணவர்களோடுதான். அவர்களை வென்ற பிறகே, மாற்றுத்திறனாளிகளுக்கென்று உலக அளவில் போட்டிகள் நடக்கின்றன என்ற செய்தி அவரை எட்டியது.

நீரஜ் 1997 டிசம்பர் 24 அன்று ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் காந்த்ரா கிராமத்தில் பிறந்தார். உழவுக் குடும்பம், கூட்டுக் குடும்பம். வீட்டின் மூத்த பிள்ளை என்று ஊட்டி வளர்த்ததில் உடம்பு பெருத்துப்போய், மற்ற பிள்ளைகளின் கேலிக்கு ஆளானார். எடையைக் குறைக்கட்டும் என்றுதான் பெரியவர்கள் அவரைப் பானிபட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சிவாஜி விளையாட்டரங்கில் ஜெய்வீர் என்ற மூத்த வீரர் ஈட்டி எறிவதைப் பார்த்தார். தானும் ஒன்றை வாங்கி எறிந்தார். முதல் நாளிலேயே அந்தக் கையில் ஏதோ இருக்கிறது என்று ஜெய்வீர் கண்டுகொண்டார்.

இதுவரை இரண்டு கதையும் ஒரே தடத்தில் போகின்றன. இருவருமே கிராமத்துப் பிள்ளைகள். இருவருக்கும் உடம்பைப் பற்றிய கேலியே முதல் தூண்டுதல். இருவரையும் கண்டெடுத்தது அரசுத் திட்டம் எதுவும் அல்ல, மைதானத்தில் நின்ற ஒரு மனிதரின் கண். நீரஜுக்கு ஜெய்வீர், தேவேந்திராவுக்கு ஆர்.டி. சிங். 1997இல் ஒரு பள்ளி விளையாட்டுவிழாவில் தேவேந்திராவைப் பார்த்த ஆர்.டி. சிங், அவரை அழைத்துவந்து பயிற்சி கொடுத்தார். பிற்பாடு துரோணாச்சாரியார் விருது பெற்ற பயிற்சியாளர் அவர்.

இதே மாதிரி ஒரு கண் மதுரையிலும் இருந்தது. சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்த ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், அவரை ஓட்டக்காரியாக்கினார். அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். திறமை எங்கே பிறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் நிற்கிறாரா என்பதே கேள்வி.

இடக்கையின் வேலை

பாரா விளையாட்டு பற்றிப் பேச்சு வந்தாலே, “64 மீட்டர்தானே?” என்று ஒரு குரல் எழும். அந்தக் கேள்விக்கு மரியாதையாகவே பதில் சொல்லலாம். எறிதல் என்பது வலக்கையின் வேலை மட்டும் அல்ல என்று தெரிந்தால் 64 மீட்டரின் எடை புரியும்.

வலக்கையால் எறிபவர் ஓடிவந்து, கடைசி அடிகளில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து வருகிறார். அப்போது இடக்கை முன்னால் நீண்டு நிற்கிறது. இடக்கால் இறுகி ஊன்றும் கணத்தில் ஓட்டத்தின் வேகம் முழுவதும் இடுப்புக்கும், அங்கிருந்து நெஞ்சுக்கும், தோளுக்கும், முழங்கைக்கும், மணிக்கட்டுக்கும் ஏறுகிறது. அதே கணத்தில் நீண்டிருந்த இடக்கை மடங்கி விலாவோடு சேர்ந்து நின்றுவிட வேண்டும். இடப்பக்கம் கீலைப் போல நின்றால்தான் வலப்பக்கம் கதவைப் போலச் சுழன்று வரும். இடக்கை தளர்ந்தால் தோள் முன்கூட்டியே திறந்துகொள்ளும், விசை சிதறும், ஈட்டி பக்கம் சாய்ந்து விழும். ஈட்டிப் பயிற்சியாளர்கள் வலக்கைக்குச் சமமாக இடக்கையைப் பற்றியும் பேசுவது இதனால்தான்.

தேவேந்திராவின் எஃப்46 வகுப்பு, ஒரு கையில் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கீலின் கனம் குறைந்துபோன உடம்பை இடுப்பாலும் காலாலும் சமன் செய்து எறிய வேண்டும். எறிந்து முடித்த பின் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் உடம்பை நிறுத்துவதும் கூடுதல் சிரமம். எறிபவர்களின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் இடம் பளுத்தண்டுக்கு. இரு கையால் பிடித்துத் தூக்கும் அந்தப் பயிற்சிகளையும் அவர்கள் வேறு வழியில் செய்தாக வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. எறிந்த பொருள் செல்லும் தூரம், அது கையை விட்டுப் புறப்படும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். காற்றின் பங்கை ஒதுக்கிவைத்துத் தோராயமாகப் பார்த்தால், 64.35 மீட்டர் என்பது 87.58 மீட்டரில் சுமார் 73 விழுக்காடு. வேகத்தில் பார்த்தாலோ சுமார் 86 விழுக்காடு. நீரஜின் ஈட்டி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் கையை விட்டுப் போகிறது. அதில் ஏழில் ஒரு பங்குதான் தேவேந்திராவின் ஈட்டிக்குக் குறைவு. அதுவும் 40 வயதில், ஒரு கை இல்லாமல். தூரத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய இடைவெளியாகத் தெரிவது, எறிந்த உடம்பின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆகவே இருவரின் வேறுபாட்டைத் தூரத்தில் தேட வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்த ஆண்டுகளில் தேடலாம்.

பன்னிரண்டு நாளும் பன்னிரண்டு ஆண்டும்

2004 செப்டம்பரில் ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் தேவேந்திரா 62.15 மீட்டர் எறிந்தார். அது உலக சாதனை. அந்த ஆண்டை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே பதக்கம், துப்பாக்கி சுடுதலில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வென்ற வெள்ளி. தனிநபர் ஒலிம்பிக் தங்கம் என்ற ஒன்றை இந்தியா அதுவரை பார்த்ததில்லை. அபினவ் பிந்த்ரா அதை வென்றது 2008இல். அந்த வறட்சியின் நடுவே ஒரு இந்தியர் ஏதென்ஸ் மண்ணில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் 1972இல் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் வென்றது. அதற்கு 32 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இரண்டாவது தங்கம் இது. ஆனாலும் தேசம் அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. பாராலிம்பிக்கில் எந்த வகுப்புக்கு எந்தப் போட்டி என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பட்டியல் போடுவார்கள். 2008 பெய்ஜிங் பட்டியலில் எஃப்46 ஈட்டி இல்லை. 2012 லண்டன் பட்டியலிலும் இல்லை. உலக சாதனையாளர் இருக்கிறார், உடம்பு இருக்கிறது, ஈட்டி இருக்கிறது. போட்டி மட்டும் இல்லை. 23 வயதில் தங்கம் வென்றவர், அடுத்த பாராலிம்பிக்கில் ஈட்டியைத் தொடும்போது அவருக்கு 35. ஒரு எறிபவரின் முறுக்கேறிய ஆண்டுகள் முழுவதும் அந்த இடைவெளிக்குள் போய்விட்டன. 2013இல் பிரான்சின் லியான் நகரில் நடந்த உலகப் போட்டியில் தங்கமும், 2015இல் தோஹாவில் வெள்ளியும் வென்று தன்னைத் தயார் நிலையில் வைத்துக்கொண்டார். ரியோவில் போட்டி திரும்ப வந்தபோது, 2016 செப்டம்பரில் 63.97 மீட்டர் எறிந்து தன் உலக சாதனையைத் தானே முறியடித்தார். பாராலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

அந்த ரியோ ஆண்டு நீரஜையும் தொட்டது, வேறு விதமாக. 2016 ஜூலை 23 அன்று போலந்தின் பித்கோஷ் நகரில், 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அவர் 86.48 மீட்டர் எறிந்தார். அந்த வயதுப் பிரிவில் உலக சாதனை. பாரா தடகளத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், தடகளத்தில் எந்தப் பிரிவிலும் ஓர் இந்தியர் உலக சாதனை படைத்தது அதுவே முதல் முறை. ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கடைசி நாளோ ஜூலை 11. பன்னிரண்டு நாள் தாமதம். ரியோவில் வெண்கலம் வென்ற எறிதல் 85.38 மீட்டர் என்பதைச் சேர்த்துப் படித்தால் அந்தப் பன்னிரண்டு நாளின் விலை தெரியும்.

ஒருவருக்குப் பன்னிரண்டு நாள், இன்னொருவருக்குப் பன்னிரண்டு ஆண்டு. நாட்காட்டி இருவரையுமே அடித்தது. ஆனால் நீரஜுக்கு அடுத்த வாசல்கள் வரிசையாகத் திறந்தே இருந்தன: 2018 ஏப்ரலில் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் தங்கம் (86.47), அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கம் (88.06), 2021 டோக்கியோ, 2022 யூஜின் உலகப் போட்டியில் வெள்ளி (88.13), அதே ஆண்டு சூரிச்சில் டைமண்ட் லீக் பட்டம், 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் தங்கம் (88.17), ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் மீண்டும் தங்கம் (88.88), 2024 பாரிஸ் வெள்ளி. பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு பெரிய மேடையாவது இருந்தது. நடுவில் ஆண்டுதோறும் டைமண்ட் லீக் போட்டிகள். ஒரு போட்டி தவறினால் அடுத்தது என்று உடம்பையும் மனத்தையும் திருப்பிக்கொள்ள முடிந்தது. தேவேந்திராவுக்கு ஒரு பாராலிம்பிக் தவறினால் மேலும் நான்கு ஆண்டு. இரண்டு தவறியதால் நான்கு ஆண்டு இடைவெளி பன்னிரண்டு ஆண்டானது.

பின்னால் நின்றவர்கள்

நீரஜின் பயிற்சியாளர் வரிசை உலக ஈட்டி வரலாற்றையே சொல்லும். ஜூனியர் சாதனையின்போது உடன் இருந்தவர் ஆஸ்திரேலியரான கேரி கால்வர்ட். பிறகு ஜெர்மனியின் உவே ஹோன். 1984இல் 104.80 மீட்டர் எறிந்து, ஈட்டியின் வடிவத்தையே மாற்ற வைத்தவர் அவர். 1986இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை முன்னால் தள்ளினார்கள், மைதானத்தைத் தாண்டிப் போகாமல் சீக்கிரம் முனை குத்தி இறங்கட்டும் என்று. அவருக்குப் பின் உடலியக்க வல்லுநரான கிளாஸ் பார்ட்டோனியட்ஸ். பாரிஸுக்குப் பிறகு செக் நாட்டின் யான் ஷெலெஸ்னி. புதிய ஈட்டியில் 1996இல் 98.48 மீட்டர் எறிந்து இன்றும் உலக சாதனையைக் கையில் வைத்திருப்பவர். ஷெலெஸ்னி சேர்ந்த பிறகு, 2025 மே மாதம் தோஹாவில் நீரஜ் 90.23 மீட்டர் எறிந்து 90 மீட்டர் கோட்டை முதல் முறையாகத் தாண்டினார்.

காயத்திலும் அந்தத் துணை இருந்தது. 2019 மே மாதம் வலது முழங்கையில் மும்பையில் அறுவை சிகிச்சை. எறிபவருக்கு முழங்கை போனால் தொழிலே போயிற்று. முறையான சிகிச்சை, அவசரப்படுத்தாத ஓய்வு, படிப்படியான திரும்பல் என்று எல்லாம் கிடைத்ததால், 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார். பக்கத்தில் ராணுவ வேலை, தனியார் விளையாட்டு நிறுவனத்தின் ஆதரவு, அரசின் ஒலிம்பிக் பதக்கத் திட்டம்.

தேவேந்திராவின் இளமைக் காலத்தில் இந்த வரிசை இல்லை. ஏதென்ஸுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பிடிவாதமும் ஒரு பயிற்சியாளரின் அக்கறையும். பிற்காலத்தில் நிலைமை மாறியது. ரியோவுக்கு முன் அரசுத் திட்டத்தின் உதவியோடு பின்லாந்தின் குவோர்த்தானே பயிற்சி மையத்துக்குப் போனார். அந்த உதவி கிடைத்தபோது, 35 வயதில், 23 வயதில் எறிந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் கூடுதலாக எறிந்தார். 40 வயதில் அதைவிடவும் கூடுதலாக எறிந்தார். இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த வரிசைதான்: 62.15, 63.97, 64.35. வயது ஏற ஏறத் தூரமும் ஏறுகிறது. 2008இலும் 2012இலும் போட்டியும் பயிற்சியும் அவருக்கு இருந்திருந்தால் அந்த எண்கள் என்னவாக இருந்திருக்கும் என்ற கேள்விக்கு இனி யாராலும் பதில் தர முடியாது. ஒரு நாடு தன் வீரரிடம் பட்ட கடனாகவே அதை நான் நினைக்கிறேன்.

மாலை வந்து சேர்ந்த வேகம்

நீரஜ் 2021 ஆகஸ்டில் தங்கம் வென்றார். அந்த ஆண்டே கேல் ரத்னா, 2022 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிப்பு. ஆகஸ்ட் 7ஐத் தேசிய ஈட்டி எறிதல் நாளாக இந்தியத் தடகளச் சம்மேளனம் அறிவித்தது. எல்லாம் தகுதியானவருக்குக் கிடைத்தவை. ஒன்றுகூட மிகை இல்லை.

தேவேந்திராவுக்குப் பத்மஸ்ரீ வந்தது 2012இல், முதல் தங்கத்துக்கு எட்டு ஆண்டு கழித்து. கேல் ரத்னா 2017இல், 13 ஆண்டு கழித்து. கேல் ரத்னா பெற்ற முதல் பாரா வீரர் அவரே. ஆகவே தாமதம் அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல; அவருக்கு முன் ஆடியவர்களுக்கு அந்த வாசல் இருந்ததாகவே தெரியவில்லை. 2022இல் நீரஜுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அதே பட்டியலில் தேவேந்திராவுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. நீரஜைவிட ஒரு படி மேலான விருது. ஈட்டி வரலாற்றில் மூத்தவர் யார் என்று தேசம் தன் ஏட்டில் சரியாகவே எழுதிவிட்டது. மக்கள் நினைவில் அது இன்னும் பதியவில்லை.

வெள்ளியில் ஓர் ஒற்றுமை

இருவரின் பதக்கங்களையும் தூரத்தோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பான ஒரு பொருத்தம் தெரிகிறது. தேவேந்திரா இரண்டு முறை தங்கம் வென்ற எறிதல்களைவிட, டோக்கியோவில் வெள்ளி வென்ற எறிதல் நீளமானது. நீரஜும் அப்படித்தான்: டோக்கியோ தங்கம் 87.58, பாரிஸ் வெள்ளி 89.45. இருவருமே பாராலிம்பிக்கிலும் ஒலிம்பிக்கிலும் தங்கள் மிக நீண்ட எறிதலை எறிந்த நாளில்தான் இரண்டாம் இடத்துக்கு வந்தார்கள்.

அந்த நாட்களில் அவர்களை வென்றவர்கள் யார்? டோக்கியோவில் தேவேந்திராவை முந்தியவர் இலங்கை ராணுவத்தைச் சேர்ந்த தினேஷ் பிரியந்த ஹேரத், 67.79 மீட்டர், உலக சாதனை. பாராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம் அதுதான். பாரிஸில் நீரஜை முந்தியவர் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம், 92.97 மீட்டர், ஒலிம்பிக் சாதனை. தனிநபர் போட்டியில் பாகிஸ்தானின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஐரோப்பாவின் தனிச்சொத்தாக நெடுங்காலம் இருந்த ஒரு விளையாட்டில், நம்மவரைத் தோற்கடிக்க ஜெர்மனியோ பின்லாந்தோ வரவில்லை; பக்கத்து நாடுகளின் எளிய வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். தெற்காசியாவின் கைகளில் ஈட்டி வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரு தோல்விகளையும் இருவரும் எடுத்துக்கொண்ட விதமும் ஒன்றே. எதிரி என்ற சொல் அவர்கள் வாயில் வரவில்லை. அர்ஷத்தும் தன் பிள்ளையே என்று நீரஜின் தாயார் சொன்னது எல்லைக்கு இரு பக்கமும் எதிரொலித்தது. டோக்கியோவில் தேவேந்திராவோடு மேடை ஏறிய வெண்கலமும் இந்தியருடையது: சுந்தர் சிங் குர்ஜார், 64.01 மீட்டர். மூத்தவரைப் பின்தொடர்ந்து வந்த இளையவர், மூத்தவரை 34 சென்டிமீட்டர் தூரத்தில் தொட்டு நின்றார். பாரிஸில் அதே வகுப்பில் அஜீத் சிங் வெள்ளியும் சுந்தர் மீண்டும் வெண்கலமும் வென்றார்கள். நீரஜின் பக்கமும் அப்படியே. ஹாங்ஜோவில் கிஷோர் ஜெனா 87.54 மீட்டர் எறிந்து அவருக்கு அடுத்த இடத்தில் நின்றார். 2025இல் டோக்கியோ உலகப் போட்டியில் நீரஜ் எட்டாம் இடத்துக்கு இறங்கிய அன்று, சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து நான்காவதாக வந்தார். ஒருவர் திறந்த வாசலில் பலர் நுழைகிறார்கள். பதக்கத்தைவிட நீடிக்கிற பலன் இது.

ஈட்டிக்குப் பிறகு

2024 மார்ச்சில் தேவேந்திரா இந்திய பாராலிம்பிக் குழுவின் தலைவரானார். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் சூரு தொகுதியில் நின்று தோற்றார். தோல்வி அவரை விளையாட்டிலிருந்து விலக்கவில்லை. பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 7 தங்கத்தோடு 29 பதக்கம் வென்றது, அதுவரை இல்லாத அளவு. 2025இல் உலக பாரா தடகளப் போட்டி டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் நடந்தது. பாராலிம்பிக்கில் போட்டி இல்லாமல் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர், தன் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தன் நாட்டிலேயே உலகப் போட்டி நடக்கும் நாளைப் பார்த்தார்.

நீரஜும் அதே திசையில்தான் யோசித்தார். 2025 ஜூலை 5 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் தன் பெயரில் ஒரு சர்வதேச ஈட்டிப் போட்டியை நடத்தி, அதில் தானே 86.18 மீட்டரோடு வென்றார். வெளிநாட்டுக்குப் போய்த்தான் பெரிய ஈட்டியைப் பார்க்க முடியும் என்ற நிலை அன்று மாறியது. தங்களுக்குக் கிடைக்காததைப் பின்வருபவர்களுக்கு அமைத்துக் கொடுப்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அவர்கள் அமைத்துக் கொடுத்ததும் நாட்காட்டிதான்.

மதுரைக்கு இதில் என்ன

எறிதல் மதுரைச் சீமைக்கு அந்நியம் அல்ல. சின்ன மருதுவிடம்தான் ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றதாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். பழம்பெருமையோடு நிற்கவும் வேண்டாம். நம் காலத்திலேயே மதுரைக்காரர் ஒருவர் உலக மேடையில் எறிந்திருக்கிறார். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில், அமர்ந்த நிலையில் வட்டு எறிதலில் வெண்கலம் வென்றவர் ஜெ. ரஞ்சித்குமார். ஓடுபாதை இல்லை, காலின் உந்துதல் இல்லை. இருக்கையில் உடம்பை நிறுத்தி, இடுப்புக்கு மேலே உள்ள விசையை மட்டும் கொண்டு எறிய வேண்டிய போட்டி அது. வாழ்நாள் பங்களிப்புக்கான தியான் சந்த் விருது அவருக்கு வந்தது 2020இல், பதக்கத்துக்கு 14 ஆண்டு கழித்து. தேவேந்திராவின் கேல் ரத்னா 13 ஆண்டு கழித்து வந்தது. சூருவுக்கு நேர்ந்தது மதுரைக்கும் நேர்ந்தது.

மதுரையின் பசுமலைப் பகுதியில் கல்லூரி இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, மைதானமும் இருக்கிறது. சற்றுத் தொலைவில், ரேஸ்கோர்ஸ் மைதானம் என்று ஊர் அழைக்கும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் சிந்தெடிக் ஓடுபாதையும் இருக்கிறது. திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துப் பிள்ளைகளின் தோள்வலிமைக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை. ஆனால் எறிதல் போட்டி பெரும்பாலும் எப்படி நடக்கிறது? குறுவட்டப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கூட்டம் கூடும். ஈட்டியும் குண்டும் வட்டும் மைதானத்தின் ஒரு மூலையில், மதிய வெயிலில், அவசரமாக முடிந்துபோகும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான போட்டி ஆண்டுக்கு ஒரு நாள், வேறொரு தேதியில், விழாவாக நடந்து நினைவுப்பரிசோடு முடியும். அங்கே ஒரு பிள்ளை அசாதாரணமாக எறிந்தாலும், அந்தத் தூரத்தைக் குறித்துவைத்து அடுத்த மாதம் எங்கே எறிய வேண்டும் என்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

தேவேந்திரா, நீரஜ் ஒப்பீடு இந்த இடத்தைத்தான் சுட்டுகிறது. இரண்டு பேரையும் கண்டெடுக்க ஒரு நல்ல கண் போதுமானதாக இருந்தது. அவர்களை வளர்த்தெடுக்க வரிசையாகப் போட்டிகள் வேண்டியிருந்தன. ஒருவருக்கு அவை கிடைத்தன, இன்னொருவருக்குப் பாதி வாழ்க்கை கழிந்த பின் கிடைத்தன. ஆகவே நம் மாவட்டத்தில் செய்யத்தக்கது எளிமையானது. பள்ளி, கல்லூரித் தடகளப் போட்டிகளில் பாரா எறிதலையும் அதே நாளில், அதே களத்தில், அதே நடுவர்களைக் கொண்டு நடத்த வேண்டும். இரு பிரிவின் தூரங்களும் ஒரே முடிவுத்தாளில் அச்சாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் என்பதை ஆண்டுக்கு நான்கு முறையாவது என்று மாற்றி, தேதிகளை ஜூன் மாதமே அறிவித்துவிட வேண்டும்; அப்போதுதான் பயிற்சியாளரும் பெற்றோரும் அதைக் கணக்கில் கொண்டு பிள்ளையைத் தயார் செய்வார்கள். இதற்குப் புதிய அரங்கமோ வெளிநாட்டுப் பயிற்சியாளரோ தேவையில்லை. போட்டி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், தேவேந்திரா 35 வயதில் செய்ததை இங்குள்ள பிள்ளை 20 வயதிலேயே செய்யும். போட்டி இல்லையென்றால், நீரஜைப் போன்ற கையும் மைதானத்தின் மூலையிலேயே முடிந்துவிடும்.